கண்ணாடி கழுவும் வண்டியில் ஹோஸ் ரீல்: முதலில் ஹோஸ் போகிற வழி, அப்புறம்தான் ரீல்

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டி ஒரு ஜவுளிக்கடை. மூன்று மாடிக்கும் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கடை திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் வண்டியை நிறுத்தினோம். ஹோஸைச் சுருட்டி ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்து முறுக்கைப் பிரித்து, சிக்கு எடுத்து, கடைசி மாடிக்கு எட்டுகிற மாதிரி இழுத்துப் போடவே அரை மணி நேரம் போய்விட்டது. வேலை முடிந்து துடைத்துச் சுருட்ட இன்னொரு அரை மணி. ஒரு நாளைக்கு மூன்று இடம் என்றால் மூன்று மணி நேரம் கண்ணாடியைத் தொடாமல் ஹோஸோடு மட்டும் மல்லுக்கட்டுகிறோம் என்று அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன்.

அந்த வாரமே ரீல், அதாவது ஹோஸைச் சுற்றி வைக்கிற கைப்பிடி வைத்த டிரம், ஒன்று செய்தேன். ஆனால் வண்டிக்குள் எங்கே இடம் காலியாக இருந்ததோ அங்கே மாட்டினேன். ஏழெட்டு மாதம் தோள்பட்டை வலியோடு ஓட்டிவிட்டு, அதைக் கழற்றி வேறு இடத்தில், வேறு அளவில் மறுபடி செய்தேன். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் இரண்டு தடவை செலவழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நாங்கள் செய்வது கயிற்றில் தொங்கிக் கழுவுகிற வேலை இல்லை. உப்பெல்லாம் எடுத்த சுத்தத் தண்ணீரை வண்டியில் உள்ள டேங்கிலிருந்து பம்பு தள்ளும், அது நீண்ட கம்பின் நுனியில் உள்ள பிரஷ் வழியாகக் கண்ணாடியில் கொட்டும், தேய்த்துக் கழுவிவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். தண்ணீரில் உப்பு இல்லாததால் காய்ந்த பிறகு புள்ளி விழாது, துணியால் துடைக்க வேண்டியதும் இல்லை. பிரிட்டனில் உயரத்தில் செய்யும் வேலைகளுக்கு 2005-இல் தனி விதிமுறை வந்த பிறகு ஏணியை விட்டுவிட்டு இந்த முறைக்கு வந்தவர்கள் நிறைய. நம் ஊரில் சோலார் பேனல் கழுவவும் இதே வண்டி போதும். டேங்க், பம்பு, கம்பு என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், ரீலை மட்டும் கடைசியில் மிச்சம் இருக்கிற மூலையில் சொருகுகிறார்கள். ஒரு நாளில் உங்கள் உடம்பு அதிகம் மல்லுக்கு நிற்பது அந்த ரீலோடுதான்.

வழி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டாவது தடவை ரீல் செய்ய பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். டிரம் அளவு, தகடு தடிமன் என்று நான் தாளில் எழுதிக்கொண்டு போனதை அண்ணாச்சி வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அளவெல்லாம் இருக்கட்டும்டே, ஹோஸு வண்டிய விட்டு எந்தப் பக்கமா வெளிய போவும், அத மொதல்ல சொல்லு" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலையும் அதுதான். ரீல் உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியை வண்டிக்குள் வைத்து, அதில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, ஒரு வாரம் வழக்கமாகப் போகிற இடங்களுக்கெல்லாம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு இடத்திலும் வண்டியை எப்போதும் போல நிறுத்திவிட்டு, கயிற்றைக் கட்டிடம் வரைக்கும் இழுத்துப் பாருங்கள். பின்கதவு வழியாக எத்தனை தடவை, பக்கக் கதவு வழியாக எத்தனை தடவை, எங்கே பம்பரில் உரசுகிறது, எங்கே சக்கரத்துக்கு அடியில் மாட்டுகிறது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கம் ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று பெரிய கட்டிடங்களில் முன்னால் இடம் இருக்கும், வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்திப் பின்கதவு வழியாக இழுக்கலாம். டவுனுக்குள் அது நடக்காது. தெருவோரமாக, மற்ற வண்டிகளுக்கு நடுவில், பின்னால் ஒரு ஆட்டோ ஒட்டிக்கொண்டு நிற்க, பின்கதவைத் தூக்கவே இடம் இருக்காது. அங்கே இடதுபக்கக் கதவுதான் வழி. என் வேலையில் பாதிக்கு மேல் டவுனும் பாளையங்கோட்டைக் கடைத்தெருவும் என்பதால், ரீலை இடதுபக்கக் கதவுக்கு நேராக மாட்டி, பின்பக்கமும் போகிற மாதிரி ஒரு உருளை வைத்தேன். வலதுபக்கமாக எடுக்கவே எடுக்காதீர்கள். ஹோஸும் நீங்களும் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் நிற்க வேண்டி வரும்.

உயரமும் முக்கியம். கைப்பிடி உங்கள் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் வர வேண்டும். வண்டிக்குள் ஏறி நின்று சுற்றுவதற்கு இல்லை, தரையில் நின்று சுற்றுவதற்குத்தான் இந்த அளவு. என் முதல் ரீல் வண்டித் தரையோடு ஒட்டி இருந்தது. ஒவ்வொரு தடவையும் குனிந்து சுற்றியதில்தான் தோளும் முதுகும் போயின.

எந்த ஹோஸ், எவ்வளவு நீளம்

ரீல் அளவு ஹோஸைப் பொறுத்தது, அதனால் ஹோஸை முதலில் வாங்குங்கள். வெளிநாட்டில் இந்த வேலைக்கென்றே 6 மி.மீ., 8 மி.மீ. உள்விட்டத்தில் மெல்லிய ஹோஸ் 100 மீட்டர் சுருளாக விற்கிறார்கள். நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டாம், வயலுக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயருக்குப் போடும் 8.5 மி.மீ. ஹோஸ் உரக்கடை, மோட்டார் பம்பு கடை எல்லாவற்றிலும் 100 மீட்டர் சுருளாகவே கிடைக்கிறது. நம் பம்பு தள்ளுகிற அழுத்தத்தைப் போலப் பல மடங்கு தாங்கும்படி நூல் வைத்துச் செய்தது. மஞ்சள் கலரில் வாங்குங்கள். கறுப்பு வெயிலில் கொதிக்கும், நடைபாதையில் போகிறவர்கள் கண்ணிலும் படாது.

மெல்லிய ஹோஸா, தடித்த ஹோஸா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் ஓடினால், 6 மி.மீ. ஹோஸில் உரசலிலேயே ஏறக்குறைய 55 பி.எஸ்.ஐ. அழுத்தம் போய்விடும். அதே தண்ணீர் 8.5 மி.மீ.-இல் ஓடினால் 11 பி.எஸ்.ஐ. பக்கம்தான் போகும். இதோடு ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் 14 பி.எஸ்.ஐ. தனியாகக் குறையும். 100 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிற சின்ன 12 வோல்ட் பம்பை வைத்துக்கொண்டு மெல்லிய ஹோஸில் மூன்றாவது மாடிக்கு அடித்தால் ஏன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்பது இதிலிருந்து புரியும்.

தடித்த ஹோஸின் குறை எடை. 100 மீட்டர் மருந்து ஹோஸ் மட்டுமே பன்னிரண்டு கிலோ பக்கம் வரும், உள்ளே நிற்கிற தண்ணீர் இன்னொரு 5.7 லிட்டர். மெல்லிய 6 மி.மீ. ஹோஸில் 2.8 லிட்டர்தான் நிற்கும். இழுக்கிறவர் கைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தோட்டத்துக்குப் போடுகிற அரை அங்குல ஹோஸை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் 12 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும், நாள் முழுக்க இழுத்தால் கை கழன்றுவிடும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. ஹோஸை 20 மீட்டர்தான் வெளியே இழுத்திருக்கிறீர்கள் என்றாலும், தண்ணீர் ரீலில் சுற்றியிருக்கிற மிச்ச 80 மீட்டரையும் தாண்டித்தான் வருகிறது. அழுத்தம் முழு நீளத்துக்கும் சேர்த்துத்தான் குறையும். அதனால் உங்கள் இடங்களில் பெரும்பாலானவை 50 மீட்டருக்குள் முடிந்துவிடும் என்றால் 60 மீட்டரை மட்டும் ரீலில் சுற்றி, மிச்சம் 40-ஐ இரண்டு பக்கமும் கனெக்டர் போட்டுத் தனிச் சுருளாக வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளலாம். எனக்கு டவுனில் வண்டியைத் தள்ளி நிறுத்த வேண்டியிருப்பதால் நூறையும் சுற்றி வைத்திருக்கிறேன்.

டிரம் அளவு

நடுக் குழாய் ரொம்பச் சின்னதாக இருந்தால் ஹோஸ் மடிந்து தண்ணீர் நின்றுவிடும். மடியாவிட்டாலும் ஸ்பிரிங் மாதிரி சுருள் பிடித்துக்கொண்டு வெளியே வந்தும் நேராகாது. 200 மி.மீ. பி.வி.சி. குழாயில் 300 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். 14 மி.மீ. வெளிவிட்டம் உள்ள ஹோஸ் அதில் ஒரு அடுக்குக்கு 21 சுற்று உட்காரும். முதல் அடுக்கில் 14 மீட்டர், அடுத்ததில் 16, அப்புறம் கிட்டத்தட்ட 18 என்று ஏறிக்கொண்டே போய், ஐந்தாவது அடுக்கு முடியும்போது 89 மீட்டர், ஆறாவதில் நூறைத் தாண்டிவிடும். ஆறு அடுக்குக்கும் சேர்த்து வெளிவிட்டம் 368 மி.மீ. ஆனால் இது ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றோடு ஒட்டி உட்கார்ந்தால் வருகிற கணக்கு. அவசரத்தில் யாரும் அப்படிச் சுற்றுவதில்லை, அதனால் இரண்டு பக்கத் தகட்டையும் 450 மி.மீ. வட்டமாக வெட்டுங்கள். 18 மி.மீ. மரைன் பிளைவுட் போதும், இரண்டு கோட் பெயிண்ட் அடித்து, ஓரத்தை ராவி உருட்டிவிடுங்கள். நான்கு மரை கம்பியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் விட்டு நட்டுப் போட்டு இறுக்கினால் குழாய் நடுவில் அசையாமல் நிற்கும்.

ரெடிமேட் ரீல் வாங்கலாமா என்று கேட்பீர்கள். மருந்தடிக்கிறவர்களுக்கான இரும்பு ரீல் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகும், ஆனால் நான் பார்த்தவரை அவற்றின் நடு அச்சு சாதா இரும்பு. நம் சுத்தத் தண்ணீர் இரும்பைச் சீக்கிரம் அரிக்கும், துரு ஹோஸுக்குள் போய்க் கண்ணாடியில் விழும். அச்சு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிக்கொள்ள முடிந்தால் வாங்கலாம். பித்தளைப் பொருத்துகள் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள் ஒன்றுகூட வேண்டாம்.

அச்சும் ஸ்விவலும்

செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான், இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

அச்சுக்கு அரை அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய், ஷெட்யூல் 40 என்று கேட்டு வாங்குங்கள். வெளிவிட்டம் 21.3 மி.மீ., சுவர் 2.77 மி.மீ. இருக்கும். இரண்டு முனையிலும் பேரிங் உட்காருகிற இடத்தை லேத்தில் 20 மி.மீ.-க்குக் கடைந்துவிட்டால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற யு.சி.பி. 204 பேரிங் கச்சிதமாக ஏறும். மெல்லிய சுவர் உள்ள குழாயை எடுத்துக் கடைந்தால் தகடு மாதிரி ஆகி, முதல் மேடுபள்ளத்திலேயே வளைந்துவிடும்.

தண்ணீர் ஒரு முனையில் ஸ்விவல் வழியாக அச்சுக்குள் நுழைந்து, டிரம்முக்கு நடுவில் வைத்த எல்போ (வளைவுப் பொருத்து) வழியாக வெளியே வந்து, பி.வி.சி. குழாயில் போட்ட துளை வழியாக ஹோஸுக்குப் போகும். எல்போவுக்கு அந்தப்புறம் அச்சை உள்ளே அடைத்து வெல்டிங் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கைப்பிடி வழியாகத் தண்ணீர் வரும். பி.வி.சி. துளையின் விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து மழுக்குங்கள். முதல் சுற்று ஹோஸ் அந்த விளிம்பில்தான் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கப் போகிறது.

ஸ்விவல் என்பது ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் சுற்ற, நடுவில் தண்ணீர் கசியாமல் போகிற இணைப்பு. பிரித்து ஓ-ரிங் மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். அதே அளவு ஓ-ரிங் நான்கு வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள், அது போகிற நாள் பெரும்பாலும் நாங்குநேரி தாண்டி எங்கேயாவது கடையே இல்லாத இடத்தில்தான் போகும். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள், சக்கரத்துக்குப் போடுகிற கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும்.

ஸ்விவலின் நிற்கிற பக்கத்தையும் பம்பையும் கெட்டியான குழாயால் இணைக்கக் கூடாது. என் முதல் அமைப்பில் பி.வி.சி. குழாயால் நேராக இணைத்தேன், வண்டி ஆட்டத்தில் மூன்றாவது வாரமே மரை பக்கத்தில் விரிசல். ஒரு முழ நீளத்துக்கு வளைகிற ஹோஸ் போட்டு இரண்டு பக்கமும் கிளிப் மாட்டுங்கள். அந்த ஹோஸை ரீல் சட்டத்தோடு ஒரு இடத்தில் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் டிரம் சுற்றும்போது ஸ்விவல் இறுகுகிற நேரத்தில் இதுவும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

பிரேக், தாழ்ப்பாள், உருளை

ரீல் லேசாகச் சுற்றுவது நல்லது என்றுதான் முதலில் தோன்றும். லேசாகச் சுற்றும் ரீலில் ஹோஸை விறுவிறுவென இழுத்துக்கொண்டு போய்ச் சட்டென்று நின்றால், டிரம் நிற்காது, இன்னும் ஏழெட்டுச் சுற்று சுற்றி ஹோஸை வண்டிக்குள்ளேயே கொட்டிச் சிக்காக்கிவிடும். கொஞ்சம் பிடிமானம் வேண்டும். பழைய பைக் டியூபில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, பக்கத் தகட்டின் விளிம்பில் உரசுகிற மாதிரி ஒரு ஸ்பிரிங்கோடு மாட்டினேன், அதுவே போதுமாக இருக்கிறது.

வண்டி ஓடும்போது டிரம் சுற்றாமல் இருக்கக் கதவுக்குப் போடுகிற சாதாரணத் தாழ்ப்பாள் ஒன்றைச் சட்டத்தில் வைத்து, தகட்டில் சுற்றிலும் எட்டுத் துளை போட்டால் எந்த நிலையிலும் பூட்டிவிடலாம். கைப்பிடியைக் கழற்றி வைக்கிற மாதிரியோ மடக்குகிற மாதிரியோ செய்யுங்கள். இழுக்கும்போது அதுவும் சேர்ந்து சுற்றும், பக்கத்தில் நிற்கிறவர் முழங்காலில் அடித்தால் தாங்காது.

ஹோஸ் வெளியே போகிற இடத்தில் நான்கு உருளை வைத்து ஒரு ஜன்னல் மாதிரி சட்டம் செய்ய வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நீள போல்ட்டின் மேல் பி.வி.சி. குழாய்த் துண்டை மாட்டினாலே உருளை ஆகிவிடும். டிரம்முக்கும் இந்தச் சட்டத்துக்கும் குறைந்தது ஒன்றரை அடியாவது இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் ஹோஸ் டிரம்மின் நடுவிலேயே மலை மாதிரி குவியும், ஓரத்துக்குப் போகாது.

தரையில் போல்ட் அடிப்பதற்கு முன்

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எது எங்கே போகிறது என்று பார்த்து, சாக்பீஸால் குறித்த பிறகுதான் டிரில் உள்ளே வர வேண்டும். சி.என்.ஜி. வண்டி என்றால் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு துளையும் போடாதீர்கள். தகடு மெல்லியது, போல்ட்டை நேராக இறுக்கினால் கிழித்துக்கொண்டு வந்துவிடும், அதனால் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 5 மி.மீ. இரும்புப் பட்டை வைத்து, நைலாக் நட்டு போட வேண்டும். துளை போட்ட ஓரத்தில் பிரைமர் தொட்டு வைத்துவிட்டு சீலன்ட் அப்புங்கள். வண்டிக்குள் எப்போதும் ஈரம் இருக்கும் தொழில் இது, துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

எடைக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. அதோடு டேங்க், சட்டம், பேட்டரி, ரீல், கம்பு, இரண்டு ஆள். ஆர்.சி.-இல் மொத்த எடைக்கும் வெறும் வண்டி எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது, அதைத் தாண்டினால் பிரேக் பிடிக்காது. டேங்க் பின் அச்சுக்கு மேலோ கொஞ்சம் முன்னாலோ, தன் சொந்த இரும்புச் சட்டத்துக்குள் இருக்கட்டும். வெறும் பட்டையால் கட்டி வைத்தது போதாது. உள்ளே தடுப்பு வைத்த டேங்க் என்றால் தென்காசி ரோட்டு வளைவுகளில் பாதி டேங்க் தண்ணீர் வண்டியை அலைக்கழிக்காது. ரீல் எடை குறைவு, அது எங்கே இருந்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் அதை உங்கள் கைக்குத் தகுந்த இடத்தில் வைக்கலாம் என்கிறேன்.

பம்பிலிருந்து ரீல் வரை

வரிசை இதுதான்: டேங்க், ஒரு பால் வால்வு, பம்புக்கு முன்னால் சல்லடை, பம்பு, வேகம் குறைக்கிற கன்ட்ரோலர், வளைகிற ஹோஸ், ஸ்விவல். பால் வால்வை மறந்துவிட்டால் ஸ்விவலைக் கழற்றுகிற அன்றைக்கு டேங்க் தண்ணீர் எல்லாம் வண்டிக்குள் வரும்.

ஒரு பிரஷ்ஷுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் போதும், 300 லிட்டர் இரண்டரை மணி நேரம் ஓடும். பம்பு சுமார் 5 ஆம்பியர் இழுத்தால், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே பத்து மணி நேரம் வரும். வண்டி ஸ்டார்ட் செய்கிற பேட்டரியை இதற்கு எடுக்காதீர்கள், அது இப்படி ஆழமாக வடிந்து வடிந்து சார்ஜ் ஏறுவதற்குச் செய்ததில்லை. தனி பேட்டரி, பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், காற்றுப் போகிற மூடி. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், மூடிய வண்டிக்குள் அது தேங்கக் கூடாது. பேட்டரியும் கன்ட்ரோலரும் ரீலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், ஈர ஹோஸிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும்.

இன்னொரு சின்ன ரீல் செய்ய முடிந்தால் செய்யுங்கள், வாடிக்கையாளர் வீட்டுக் குழாயிலிருந்து டேங்குக்குத் தண்ணீர் பிடிக்க. அதற்கு 30 மீட்டர் அரை அங்குல ஹோஸ், சாதாரண பிளாஸ்டிக் ரீலே போதும். இரண்டு ஹோஸும் வேறு வேறு கலரில் இருக்க வேண்டும், கனெக்டரும் ஒன்றோடொன்று பொருந்தாததாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் தெரியாமல் சுத்தத் தண்ணீர் ரீலுக்குள் போய்விட்டால் அன்றைய வேலை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காயும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரைக்கும்கூட ஏற்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். நமக்கு பிரஷ் முனையில் பத்தைத் தாண்டக் கூடாது. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் போர் தண்ணீரைப் பிடித்து வடிகட்டினால் உப்பை எடுக்கிற ரெசின் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பது அந்தப் பக்கம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். முடிந்தவரை தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை வீட்டிலேயே இரவில் வடிகட்டி நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை டேங்கிலும் வையுங்கள், பிரஷ் முனையிலும் வையுங்கள். டேங்கில் 1 காட்டி முனையில் 12 காட்டினால் தப்பு ரீலுக்குள் இருக்கிறது, ஏதோ ஒரு பொருத்து கரைகிறது என்று அர்த்தம். புது ஹோஸிலும் முதலில் கொஞ்சம் ஏறும், முப்பது நாற்பது லிட்டர் ஓடவிட்ட பிறகு அளந்து பாருங்கள்.

நம் ஊர் வெயிலும் காற்றும்

சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் ஹோஸ் களிமண் மாதிரி இளகிவிடும். அந்த நிலையில் உள்ளே அழுத்தம் இருந்தால் இணைப்பு நழுவும். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்தவுடன் பம்பை நிறுத்திவிட்டு பிரஷ் பக்கத்து வால்வைத் திறந்து அழுத்தத்தை வடித்த பிறகுதான் சுற்ற வேண்டும். அழுத்தத்தோடு சுற்றினால் ஹோஸ் உப்பலாக உட்கார்ந்து அடுக்கும் கலையும். மதியம் ஹோஸில் நின்ற தண்ணீர் கை சுடும் அளவுக்கு இருக்கும், அதைத் தரையில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சோலார் பேனல் என்றால் விடிகாலையிலேயே முடித்துவிடுவது நல்லது, கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம்.

ஆனி, ஆடியில் பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று நம் கம்பையும் சுழற்றும், ஹோஸ் மேலெல்லாம் மண் ஒட்டும். அந்த மண்ணோடு சுற்றினால் டிரம்முக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி. உருளைச் சட்டத்துக்கு வெளியே இடது கையில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு, ஹோஸை அதன் வழியாக விட்டு வலது கையால் சுற்றுங்கள். துணி மண்ணைத் துடைக்கும், அதே கை ஹோஸை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வரிசையாகவும் ஓட்டும். நான் இதை எழுதி வைத்திருக்கிறேனே தவிர, எங்கள் வண்டியில் இதை ஒழுங்காகச் செய்வது கூட வருகிற தம்பிதான், அவர் சுற்றிய ரீல் கடையில் வாங்கின நூல்கண்டு மாதிரி இருக்கும்.

ரீலைப் பற்றியது இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. ஹோஸ் ஈரம், கம்பு கார்பன் ஃபைபர், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கம்பைத் தூக்குவதற்கு முன் மேலே ஈ.பி. லைன் இருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பாருங்கள். டவுன் தெருக்களில் லைன் மாடி ஜன்னலை ஒட்டியே போகும். அப்படிப்பட்ட பக்கத்தைக் கழுவ முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், காசு போனால் போகட்டும்.

முதல் நாள்

எல்லாம் மாட்டி முடித்த பிறகு நேராக வேலைக்குக் கிளம்பாதீர்கள். விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ஒரு ரோட்டுக்கோ மைதானத்துக்கோ வண்டியைக் கொண்டுபோய், நூறு மீட்டரையும் வெளியே இழுத்து நேராகப் போடுங்கள். கடையில் சுருட்டி வைத்த முறுக்கு அதில் இருக்கும், வெயில் ஏறும்வரை அரை மணி நேரம் அப்படியே கிடந்தால் இளகும். பிறகு ஒருவர் அந்த முனையைப் பிடித்து லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே நடந்து வர, இன்னொருவர் ஒவ்வொரு சுற்றாக ஒட்டிச் சுற்ற வேண்டும். இந்த முதல் சுற்று எப்படி அமைகிறதோ அப்படியேதான் ஹோஸ் பழகிக்கொள்ளும். அந்த முனையிலிருந்து 25, 50, 75 மீட்டரில் மூன்று கலரில் டேப் ஒட்டி, 95-இல் சிவப்பு டேப்பை இரண்டு சுற்று சுற்றி விடுங்கள். சிவப்பு தெரிந்ததும் இழுப்பதை நிறுத்திவிட்டு வண்டியை நகர்த்த வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் இழுவையெல்லாம் டிரம்முக்குள் இருக்கிற எல்போ மேல்தான் விழும்.

அதன் பிறகு பம்பைப் போட்டு, பிரஷ் வால்வை மூடி, பத்து நிமிடம் அழுத்தத்தில் விட்டுவிட்டு ஸ்விவலுக்குக் கீழே ஒரு காய்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். தாள் நனைந்திருந்தால் கிளிப்பை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். காய்ந்தே இருந்தால் டேங்கை நிரப்பிக்கொண்டு வேலைக்குக் கிளம்பலாம்.